மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டால், சபரிமலைக்குப் போய்த் திரும்பி அதைக் கழற்றும் வரை நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. பல ஆண்டுகள் இது தவறாமல் நடந்தது. மாலையைக் கழற்றிய மறுநாளே மதுக்கடை வாசலில் போய் நின்றதும் அதே போலத் தவறாமல் நடந்தது. இதிலிருந்து என் வீட்டார் எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான்: "மனசு வெச்சா இவனால முடியுது, மனசு வைக்க மாட்டேங்கிறான்." நானும் வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

குடிநோயாளிகளின் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கணக்கு வேறு விதமாகப் புரிந்தது. மாலை போட்டிருந்த நாட்களில் விடியுமுன் எழுப்பிக் குளிக்க அழைத்துப் போக ஆள் இருந்தது. பொழுது சாய்ந்ததும் போய் உட்கார பஜனை மடம் இருந்தது. எதைக் கேட்கவும் குருசாமி இருந்தார். கூடக் குடித்தவர்களே 'சாமி' என்று கும்பிட்டு வழிவிட்டார்கள். கழுத்திலிருந்து மாலை இறங்கிய அன்று இவை எல்லாம் ஒருசேரப் போய்விடும். மாலை ஆறரை மணிக்கு எங்கே போவது என்று தெரியாத ஆளாக நான் மீண்டும் தெருவில் நிற்பேன். எனக்கு அந்த ஒரு மண்டலம் முழுவதும் கிடைத்தது பக்தி மட்டுமல்ல, கூட்டமும்தான் என்பது என் எண்ணம். ஐயப்ப பக்தர்கள் என்னைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடியை நிறுத்த நம் ஊரில் குடும்பங்கள் என்னென்ன செய்து பார்க்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டுவார்கள், குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குவார்கள். "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரொட்டியில் பார்த்த எண்ணுக்குத் தொலைபேசி செய்து பொடி வாங்குவார்கள். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்துவிட வேண்டாம். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் அதில் கலந்திருக்கவும் கூடும். அந்த மருந்து உடலில் இருக்கும்போது ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மருத்துவர்கள் நோயாளிக்குச் சொல்லாமல், அவர் ஒப்புக்கொள்ளாமல் அதைத் தருவதில்லை. இன்னும் சில குடும்பங்கள் நள்ளிரவில் வேன் வரவழைத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு போய் ஏதோ ஒரு 'மறுவாழ்வு மைய'த்தில் அடைத்துவிடும். அப்படி ஒரு மையத்தில் நானும் இருந்திருக்கிறேன். அங்கே மருத்துவர் வந்ததைவிடப் பூட்டுக்காரர் வந்ததே அதிகம் என்பதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இதற்கு மாறாக நல்ல மருத்துவ மையங்களும் இருக்கின்றன. சென்னை அடையாறில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை, டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும், இந்தத் துறையில் முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம். எனினும் எவ்வளவு நல்ல மருத்துவமனையாக இருந்தாலும் சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும். வெளியே வந்த மறுநாள் மாலை ஆறரை மணிக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

நடுவண் அரசு 2019இல் வெளியிட்ட போதைப்பொருள் பயன்பாட்டு ஆய்வறிக்கையின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சையையாவது பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரோ 180 பேரில் ஒருவர். அந்த 38 பேரில் மீதி 37 பேரும் கெட்டவர்கள் என்றோ, திருந்த மனமில்லாதவர்கள் என்றோ முடிவு கட்டுவது எளிது. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்பதை யாராவது எண்ணிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

நான் போவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. குடியை விட விரும்புகிற குடிநோயாளிகள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு அது. அந்த அமைப்பே ஒருவர் துணை தேடி அலைந்ததிலிருந்துதான் பிறந்தது. 1935 மே மாதம், நியூயார்க் பங்குச் சந்தைக்காரரான பில் வில்சன், ஒரு தொழில் முயற்சி தோற்றுப்போய், அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு ஓட்டல் முகப்பில் தனியாக நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் பேச்சும் சிரிப்பும் கேட்டன, இன்னொரு பக்கம் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும் தொலைபேசியும் இருந்தன. அவர் தொலைபேசியை எடுத்தார். தனக்கு அறிவுரை சொல்ல ஒருவரைத் தேடி அவர் எடுக்கவில்லை. தன்னைப் போலவே குடியால் அல்லலுறும் இன்னொருவரோடு பேசினால் தான் குடிக்காமல் இருக்கலாம் என்பதற்காக எடுத்தார். ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசிக் கடைசியில் அவ்வூர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்திடம் போய்ச் சேர்ந்தார். கால்மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்த அந்த மருத்துவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகும் அவர் ஒரு முறை சறுக்கினார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளையே ஏஏ தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் அது 1957இல் மும்பையில் வேர்விட்டது.

நான் கூட்டத்தைத் தேடிய கதைக்கு வருகிறேன். திருச்சியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என் ஊர். எங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இன்று தேடுபவருக்கு வழிகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. ஏஏ அமைப்பின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களின் இடமும் நேரமும் இருக்கின்றன. 14446 என்ற கட்டணமில்லா எண், போதை மீட்புக்கென்றே நடுவண் அரசு நடத்துவது. மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் தொடங்கப்பட்டுள்ள போதை மீட்பு மையங்களிலும் விசாரிக்கலாம். இணையப் பட்டியலில் உள்ள நேரமும் இடமும் சில வேளைகளில் பழையதாக இருக்கும். ஆகையால் கிளம்புமுன் அந்தக் குழுவின் எண்ணில் ஒரு முறை பேசிவிடுவது நல்லது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் நேராக எங்கே போவான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒரு குழுவின் எண்ணுக்கு நான் முதன்முதலில் செய்த தொலைபேசி அழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறீர்கள், எவ்வளவு குடிப்பீர்கள், என்ன வேலை, என்ன ஆள் என்றெல்லாம் கேட்பார்கள் என எதிர்பார்த்துப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். எடுத்தவர் கேட்டவை வேறு. "கடைசியா எப்போ குடிச்சீங்க சார்? கை நடுங்குதா? முன்னாடி நிறுத்தினப்போ வலிப்பு ஏதாச்சும் வந்திருக்கா?" நடுங்குகிறது என்றதும், கூட்டம் எங்கும் ஓடிவிடாது, முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்றார். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலும் குழப்பமுமாக நிலைமை முற்றி, சிகிச்சை இல்லாவிட்டால் இறக்கவும் கூடும். வீட்டில் அறையைப் பூட்டி வைத்து 'தானாகத் தெளியட்டும்' என்று விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை ஒரு மருத்துவர் எனக்குச் சொல்லுமுன், தானும் குடிநோயாளியாக இருந்த முகம் தெரியாத அந்த மனிதர் சொன்னார். ஒரு கூட்டம் நல்ல கூட்டமா என்பதற்கு இன்றுவரை நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அங்கே மருத்துவத்தை எதிரியாகப் பேசக் கூடாது. மூத்த உறுப்பினர் சிலர், "மாத்திரை போட்டா அதுவும் ஒரு போதைதான்" என்று சொல்வதுண்டு. அது அவர்களின் சொந்தக் கருத்தே ஒழிய, உறுப்பினர் எவரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பதே அந்த அமைப்பின் நிலைப்பாடு. குடிக்கும் வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டே கூட்டத்துக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் நடந்தது. தமிழ்நாட்டில் இத்தகைய கூட்டங்கள் பலவும் தேவாலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும்தான் நடக்கின்றன. அதைப் பார்த்து இது மதம் மாற்றும் வேலை என்று நினைக்கிறவர்களும் உண்டு. எந்த மதத்தோடும் கட்சியோடும் அமைப்போடும் அதற்குத் தொடர்பில்லை. மலிவாக அறை கிடைக்கிறது, அவ்வளவுதான். நான் போனபோது இரண்டு பேர் கரும்பலகையின் மேல் துணிப் பதாகைகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகள், மற்றொன்றில் குழுக்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்லும் பன்னிரண்டு மரபுகள். பதாகையின் ஓரத்தில் முந்தைய பாடத்தின் பின்னக் கணக்கு ஒன்று பாதி தெரிந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்சுகள் அவை. முழங்கால் முகவாயில் இடிக்கும். நான் கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தேன். யாராவது தெரிந்தவர் வந்தால் எழுந்து போய்விடலாம் என்ற எண்ணம். அப்படி ஒருவர் வரவும் செய்தார். எங்கள் ஊரில் உரக்கடை வைத்திருப்பவர். அவர் வந்ததற்கும் நான் வந்ததற்கும் காரணம் ஒன்றுதான் என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. அவருக்குப் பழகியிருந்தது போலும். தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் கேனைத் திறக்கப் போய்விட்டார்.

நடைமுறை எளியது. சிறிது நேர மௌனம், மாற்ற முடியாததை ஏற்க அமைதியும் மாற்றக்கூடியதை மாற்றத் துணிவும் கேட்கும் ஒரு பிரார்த்தனை, அமைப்பைப் பற்றிய முன்னுரை வாசிப்பு, பிறகு பகிர்வு. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்பார், எல்லோரும் அவர் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார்கள், அவர் பேசுவார், அமர்வார், அடுத்தவர் எழுவார். அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை எழுத மாட்டேன். அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது விதி. அந்த விதி இல்லையென்றால் நானும் அங்கே வாய் திறந்திருக்க மாட்டேன்.

என்னை வியக்க வைத்தது அவர்கள் பேசியதைவிட, பேசி முடித்ததும் நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் தன் வாழ்க்கையின் ஆகக் கேவலமான நாளைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது, யாரும் "நீங்க என்ன பண்ணியிருக்கணும்னா" என்று தொடங்கவில்லை. நம் ஊரில் இது எளிதில் நடக்கக்கூடிய காரியமா? காய்ச்சல் என்றாலே பத்துப் பேர் பத்துக் கஷாயம் சொல்லும் ஊர் இது. குடிகாரனுக்கோ கேட்கவே வேண்டாம். மாமனார் முதல் முடிதிருத்துபவர் வரை எல்லோரும் அவனுக்கு ஆலோசகர்கள். ஒருவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது, பேசி முடித்தவருக்குப் பதில் சொல்லக் கூடாது, தன் அனுபவத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்ற அந்த ஒழுங்குக்குள், நான் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சில கூட்டங்கள் கழித்துச் சொன்னேன். கேட்டவர்களில் இருவர் தலையாட்டினார்கள். அது போதுமானதாக இருந்தது.

இடையில் ஒரு தகரப் பெட்டி சுற்றி வரும். விருப்பமுள்ளவர் பத்து, இருபது போடலாம். புதியவரைப் போடச் சொல்வதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்கக் கூடாது என்பது அவர்களின் ஏழாம் மரபு. எங்கே பெருந்தொகையைக் கேட்பார்களோ என்று பையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, கணக்கை அங்கேயே எண்ணி, அறை வாடகைக்கு இவ்வளவு, தேநீருக்கு இவ்வளவு என்று உரக்கப் படித்தது ஆறுதலாக இருந்தது.

முடிந்ததும் வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். அறிவுரை இப்போதுதான் வரப்போகிறது என்று நினைத்தேன். "தம்பி, நாளைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு எங்க இருப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். தெரியலீங்கய்யா என்றேன். ஒரு துண்டுத்தாளில் மூன்று எண்களை எழுதிக் கொடுத்து, "கை கடைப் பக்கம் போறதுக்கு முன்னாடி போன் பக்கம் போகட்டும். குடிச்ச அப்புறம் கூப்பிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது, முன்னாடி கூப்பிட்டா பேசிக்கிட்டு இருக்கலாம்" என்றார். ஏழு மணிக் கூட்டம் எட்டரைக்கு முடிந்து, பேருந்து பிடித்து ஊரில் இறங்கும்போது மணி பத்தைத் தொட்டிருக்கும். கடையின் ஷட்டர் இறங்கியிருக்கும். கூட்ட நேரத்தை வேண்டுமென்றே அப்படி வைத்தார்களா என்று பின்னொரு நாள் அவரிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அந்த நேரம்தான் கொடுத்தார்கள் என்றார்.

புதியவருக்குத் தொண்ணூறு நாட்களில் தொண்ணூறு கூட்டம் என்று ஒரு பரிந்துரை உண்டு. சென்னை போன்ற நகரில் நினைத்தால் நடக்கும். வாரத்துக்கு இரண்டு கூட்டமே நடக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரம் பயணம் செய்கிறவனுக்கு அது எட்டாக்கனி. இங்கே எனக்குக் கைகொடுத்தவை இணையவழிக் கூட்டங்கள். 2020 ஊரடங்கில் கதவுகள் மூடப்பட்டபோது குழுக்கள் பலவும் ஜூமுக்கு மாறின. தமிழில் நடப்பவற்றில் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கூட ஆட்கள் வருவார்கள். படத்தை அணைத்துவிட்டு, பெயரை எழுத்து ஒன்றாகச் சுருக்கிக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து கேட்கலாம். நேரில் போகத் துணிவில்லாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம் என்பதும் என் கருத்து. படத்தை அணைத்து வைத்திருக்கும்போது கையில் கோப்பை இருந்தாலும் யாருக்கும் தெரியாது. அங்கே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வாடை தெரியும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், தேநீர் கொடுப்பார். எனினும் தெரியும்.

கடவுள் விவகாரம் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பன்னிரண்டு படிகளில் 'நாம் புரிந்துகொண்ட கடவுள்' என்றும் 'நம்மைவிட மேலான சக்தி' என்றும் திரும்பத் திரும்ப வரும். எனக்குச் சிக்கல் இல்லை; மாலை போட்டுப் பழகியவன். பெரியார் வழியில் வந்த ஒரு நண்பரோ இதைக் கேட்டுவிட்டுக் கோபத்தோடு எழுந்து போனார். அவரைத் திரும்ப அழைத்து வந்தவர், "எனக்கும் சாமி கிடையாது தோழர். இந்த அறையில இருக்குற இருபது பேர் சேர்ந்தா, தனி ஆளா இருக்குற என்னைவிடப் பெரிய சக்திதானே?" என்று சொன்னாராம். நண்பர் இப்போதும் பிரார்த்தனையின்போது வாயை மூடிக்கொண்டு நிற்கிறார், யாரும் ஆட்சேபிப்பதில்லை. அப்படியும் ஒவ்வாதவர்கள் மதச்சார்பற்ற 'ஸ்மார்ட் ரிக்கவரி' போன்றவற்றை இணையத்தில் தேடலாம். குடியை நிறுத்த ஒரே ஒரு வழிதான் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை, அவர் என் குழுக்காரராகவே இருந்தாலும்.

இதெல்லாம் வெறும் நம்பிக்கைதானே, ஆய்வு இருக்கிறதா என்று படித்த உறவினர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு, ஏஏ கூட்டங்களோடு நோயாளிகளை முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, முற்றிலும் குடிக்காமல் இருப்பதில் மற்ற நன்கறியப்பட்ட உளச் சிகிச்சைகளைவிட மேலான பலன் தந்ததாகக் கண்டது. அதில் நான் கவனித்த சொல் 'முறையாக இணைத்துவிடும்' என்பது. ஒரு முகவரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து 'போய்ப் பாருங்கள்' என்பது வேறு. ஒருவரை உடன் அனுப்பிவைப்பது, போனீர்களா, என்ன நடந்தது என்று அடுத்த வாரம் கேட்பது வேறு. நம் மருத்துவமனைகளில் முதலாவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நான் போகும் கூட்டத்தில் குடிநோயாளியாக ஒரு பெண் வந்தது மிக அரிது. வந்தவரும் மறுபடி வரவில்லை. இருபது ஆண்கள் திரும்பிப் பார்க்கும் அறைக்குள் தனியாக நுழைவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். பெண்களுக்கென்றே நடக்கும் இணையவழிக் கூட்டங்களை அவர்களுக்குச் சொல்வது நல்லது. குடிக்கிறவரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்காக 1951இல் தொடங்கிய அல்-அனான் தனி அமைப்பு. என் மனைவி அங்கே போகத் தொடங்கியபோது எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பற்றி என்ன சொல்கிறாளோ என்ற கோபம். உங்களைப் பற்றிப் பேச அங்கு நேரமில்லைங்க என்றாள். என் சட்டைப்பையை முகர்ந்து பார்ப்பதை அவள் நிறுத்தியது அதற்குப் பிறகுதான்.

இப்போது எங்கள் ஊரிலேயே ஒரு குழு தொடங்குகிறோம். குடியை விடுவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினாலே, வேறெந்தச் சார்பும் இல்லாதவரை, அதை ஒரு குழு எனலாம் என்று மரபுகள் சொல்கின்றன. நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம், உரக்கடைக்காரரையும் சேர்த்து. பள்ளித் தாளாளர் வாடகை வேண்டாம் என்றார். இலவசமாக வாங்கக் கூடாது என்று எடுத்துச் சொல்லி மாதம் ஒரு சிறு தொகைக்கு அவரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திங்கள், வியாழன், மாலை ஏழு மணி. பெயர்ப்பலகை விஷயத்தில்தான் இன்னும் முடிவாகவில்லை. தெருவைப் பார்த்து ஒரு பலகை மாட்டினால் ஊரே பார்க்கும், தெரிந்தவன் எவனும் உள்ளே வர மாட்டான் என்று இருவர் சொல்கிறார்கள். பலகை இல்லையென்றால் தெரியாதவன் எப்படி வருவான் என்று நானும் உரக்கடைக்காரரும் கேட்கிறோம். இந்த வியாழக்கிழமை வாக்கெடுப்பு. இரண்டுக்கு இரண்டு என்று நின்றால், பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரில் தொலைபேசி எண்ணோடு ஒரு தாளை ஒட்டுவது என்று பேசி வைத்திருக்கிறோம்; அதற்கு நால்வரும் சம்மதம்.